என் பக்கத்து பிரேக்

கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத் தவிர நான் கள்ளக்குறிச்சிக்கு வேறெதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை என்று என் மனைவி சொல்வாள். அதுவே பெரிய விஷயம் என்பது என் கட்சி. இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். உங்கள் ஸ்டேஷன் ஜீப்பை ஓட்டுகிறாரே ஏட்டு, அவரும் என் மாணவர்தான். இன்னமும் மேட்டில் இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு போகிறார். அது என் தவறு இல்லை.

இன்ஸ்பெக்டர் இசைவாணி அம்மா அவர்களே, நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். என்னிடம் வேலை பார்த்த சின்னக்கண்ணு அணையில் மூழ்கி இறந்ததை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அந்த அறிக்கையின் நகலை நேற்று படித்தேன். மொத்தத்தில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், எழுத்துப் பிழை இரண்டே இடத்தில்தான். ஆனால் நான்காவது பத்தியில், "படகில் உடனிருந்த வெற்றிசெல்வன், வயது 52, என்பவருக்குப் பாய்மரப் படகு செலுத்துவதில் போதிய அனுபவம் இல்லாத காரணத்தால்" என்று ஒரு வரி வருகிறது. அந்த வெற்றிசெல்வன் நான்தான். அந்த வரி உண்மைக்குப் புறம்பானது. அதைத் திருத்தத்தான் இந்த வாக்குமூலத்தை என் கைப்பட எழுதுகிறேன். டீ வேண்டாம் அம்மா, எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

முதலில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். பயம் வந்தால் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்வார்கள். எப்போதும் அதே காரியத்தைத்தான் செய்வார்கள். வடக்கனந்தலிலிருந்து வந்த ஒரு டீச்சர், எதிரே லாரியைப் பார்த்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடுவார். ஒரு ரைஸ்மில் முதலாளி, பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு, "இன்னாய்யா வண்டி வெச்சிருக்க, பிரேக்கே புடிக்கல" என்று என்னைத் திட்டுவார். யாருக்கு என்ன பயக்கோளாறு என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவேன். அதற்காகத்தான் பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாமல் மெல்ல மிதிப்பேன். தாங்களே வண்டியை நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டில் போய்ப் பெருமை பேசுவார்கள். பேசட்டும். நான் அதற்கெல்லாம் குறைபட்டுக்கொள்கிறவன் இல்லை.

சின்னக்கண்ணு கரியாலூருக்கு மேலே ஒரு சின்ன ஊர்க்காரன். இருபது வருஷத்துக்கு முன்பு லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள மலையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தான். கற்றுக்கொடுத்தேன், வேலையும் கொடுத்தேன். அவனும் அவன் மனைவி குஞ்சம்மாளும் கருணாபுரத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். நான் எடுத்து வளர்த்த ஆள் என்று சொல்லலாம், அவனுக்கு என்னைவிட எட்டு வயதுதான் குறைவு என்றாலும்.

அவனுக்கு ஒரு குரல் இருந்தது. கார் ஓட்ட வரும் பெண்கள் கை நடுங்க உட்கார்ந்திருக்கும்போது, "பதறாதீங்கம்மா. ஒண்ணியும் ஆவாது. கால மெதுவா எடுங்க, வண்டி உங்கள வுட்டு எங்க போயிடப் போவுது" என்பான். அவ்வளவுதான், நடுக்கம் நின்றுவிடும். தன் பக்கத்து பிரேக்கை அவன் மிதித்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு வருஷத்தில், ஸ்கூலுக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்து, "சின்னக்கண்ணு அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இருக்கிறார், உட்காருங்கள் என்பேன். போர்டில் என் போட்டோ இரண்டடிக்கு இரண்டடி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

கருணாபுரத்தில் சாராயச் சாவுகள் விழுந்த அந்த வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு அவன் பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு, L போர்டோடு ஏழெட்டு முறை ஆஸ்பத்திரிக்கும் தெருவுக்கும் அலைந்தான். நான்கு பேர் பிழைத்தார்கள். அவர்கள் தட்டில் பழம் வைத்து எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்கு வந்து அவன் கையைப் பிடித்து அழுதார்கள். நல்ல காரியம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கார் என்னுடையது. அதை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

படகு விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் எனக்கு பிரஷர் ஏறியபோது, மனதுக்குப் பிடித்த பொழுதுபோக்கு ஒன்றை வைத்துக்கொள்ளும்படி டாக்டர் சொன்னார். ஊரில் பாதிப் பேர் விடியற்காலையில் நடக்கிறார்கள். நடப்பதற்கு யாரும் சர்டிபிகேட் தருவதில்லை. ஒரு கல்யாணத்துக்காகப் புதுச்சேரி போனபோது, கடற்கரையில் பெரியவர்களுக்குச் சின்னப் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தேன். வெள்ளைப் பாய், நீலத் தண்ணீர், தொப்பி போட்ட மனிதர்கள். இதுதான் என் மனதுக்குப் பிடித்தது என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டே வகுப்பு போனேன். மூன்றாவது வாரம் பழைய படகு ஒன்றை வாங்கிவிட்டேன். பதினான்கு அடி நீளம், இரண்டு பேர் உட்காரலாம். அதற்கு யாட் என்று பெயர். ஊரில் எல்லாரும் தோணி என்றார்கள். ஒவ்வொருவரையும் திருத்தினேன்.

கள்ளக்குறிச்சியில் கடல் இல்லையே என்று பலபேர் எனக்கு ஞாபகப்படுத்தினார்கள். அந்தத் தகவல் எனக்கு முன்பே தெரியும். வடக்கனந்தலைத் தாண்டினால் அணை இருக்கிறது. மலை இடுக்கிலிருந்து இறங்கும் காற்று இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

படகைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பாதியில் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவந்தோம். எந்த வண்டி புதிதாக வந்தாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் எங்கள் ஸ்கூலில் ஓட்டமாட்டோம். அது நான் போட்ட சட்டம். வண்டி மட்டுமில்லை, ஒரு ஹெல்மெட் வாங்கினால்கூட வெள்ளிக்கிழமை சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் தலையில் ஏறும். படகுக்குச் சக்கரம் இல்லை. எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று அணைக்கரையில் அரை மணி நேரம் நின்றோம். கடைசியில் படகின் அடிவயிற்றுக்குக் கீழே நான்கு பழம் வைத்துத் தள்ளினோம். மூன்று நசுங்கின. ஒன்று மட்டும் உருண்டு தண்ணீரில் விழுந்து மிதந்து போய்விட்டது. நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நர்மதா என்ற பெண் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்து சொல்லிக்கொடுத்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். படகில் இரண்டு பேருக்கு இரண்டு வேலை. ஒருவர் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துப் படகைத் திருப்ப வேண்டும். மற்றவர் பாய்க் கயிற்றைப் பிடித்துப் பாயை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். பாயின் அடியில் படுக்கைவாட்டில் ஓர் அலுமினியக் கட்டை இருக்கும். பாய் எந்தப் பக்கம் போகிறதோ, கட்டையும் அந்தப் பக்கம் போகும். இரண்டாவது ஆளாகச் சின்னக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டேன். சுக்கான் எனக்கு, கயிறு அவனுக்கு. படகு என்னுடையது அல்லவா.

முதல் நாளே நர்மதா அடிப்படைப் பாடத்தைச் சொல்லிவிட்டாள். "காத்து பலமா வந்துச்சா, பதறாம படகு மூக்கைக் காத்துப் பக்கம் திருப்புங்க. கயித்த வுட்டுடுங்க. பாய் படபடன்னு அடிச்சிக்கும், படகு தானா நின்னுடும். இதுக்கு இருக்கற ஒரே பிரேக்கு அதான். மாத்தி முதுகக் காட்டிட்டீங்கன்னா, பாய் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே அடியா பாயும். கட்டை உங்க தலைய விசாரிச்சிட்டுத்தான் போவும்."

மூன்று ஞாயிறு நான் சுக்கான் பிடித்தேன். ஆறு முறை கவிழ்ந்தோம். ஆறு முறையும் காற்று சரியில்லை. நான்காவது ஞாயிறு அந்தப் பெண் கரையிலிருந்து கையைத் தட்டி, "சார், நீங்க கயிறு புடிங்க. அண்ணன் சுக்கான் புடிக்கட்டும்" என்றாள். மீன் பிடிக்கிற பரிசல்காரர்கள் நான்கைந்து பேர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து இடம் மாறினேன். படகில் எழுந்து இடம் மாறுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

அன்றைக்குப் படகு கவிழவில்லை. அணையைக் குறுக்கே கடந்து, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. நர்மதா கரையில் குதித்தாள். "அண்ணே, எப்டிண்ணே? எங்க கத்துக்கினீங்க?"

"எங்கயும் இல்லம்மா. காதுலயே தெரியுதே" என்றான் சின்னக்கண்ணு. மலையில் களத்தில் சாமை தூற்றுகிறபோது எந்தக் காது சில்லிடுகிறது என்று பார்த்துத்தான் முறத்தைத் திருப்புவார்களாம். ஐந்து வயதிலிருந்து செய்த வேலையாம். அதைப் பெரிய விஷயம் போல அவன் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்கு வயிறு எரிந்தது, அம்மா. உண்மையை எழுத வந்திருக்கிறேன், எழுதிவிடுகிறேன். ஊரில் காருக்கு அவன் பெயர், ஆஸ்பத்திரிக்கு அவன் பெயர். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கே எனக்கென்று ஒன்று தேடி எடுத்துக்கொண்டு வந்தால், அதிலும் கயிறு பிடிக்கிற ஆள் நான்.

கயிற்றிலும் அந்தப் பெண் என்னை விடவில்லை. "சார், வுடுங்க. கயித்த வுடுங்க சார். எதுக்கு அப்டி இறுக்கிப் புடிக்கறீங்க?" என்று கரையிலிருந்து கத்திக்கொண்டே இருப்பாள். பிடித்ததை விடுகிற சுபாவம் எனக்கு இல்லை. டிரைவிங் ஸ்கூலை அப்படித்தான் இருபத்தாறு வருஷம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் சின்னக்கண்ணுவிடமும் ஒரு கோளாறு இருந்தது. ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன், நர்மதாவுக்கு முன்பே. திடீரென்று பெருங்காற்று வந்தால் அவன் படகின் முதுகைக் காற்றுக்குக் காட்டினான். காரணம் அதே களம்தான். தூற்றும்போது காற்று வேகமெடுத்தால் மலைக்காரர்கள் சட்டென்று காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றுவிடுவார்கள். இல்லாவிட்டால் தூசும் பதரும் கண்ணில் விழும். களத்தில் அது புத்திசாலித்தனம். படகில் அது தற்கொலை. இரண்டு முறை கட்டை அவன் தலைக்கு மேலே விசுக்கென்று போனது. ஒரு முறை, நர்மதா மாட்டிவிட்ட ஹெல்மெட்டில் பட்டு டங்கென்று கேட்டது.

நர்மதா அதைச் சரிசெய்ய ஒரு மாதம் பாடுபட்டாள். "அண்ணே, களம் இல்லண்ணே இது. மூக்கு, மூக்கு, மூக்கு" என்று கத்துவாள். அவனும் சிரித்துக்கொண்டே, "வந்துடும் கண்ணு, நாப்பது வருசப் பழக்கம், கோச்சிக்கினு போவுது" என்பான். ஆனி மாதக் கடைசியில் வந்துவிட்டது. எவ்வளவு காற்று அடித்தாலும் மூக்கைத் திருப்பி நிறுத்தினான். பரிசல்காரர்கள் விசிலடித்தார்கள்.

அந்தச் சமயத்தில் அணைக்கரையில் ஒரு தனியார் விடுதி கட்டி முடித்திருந்தார்கள். ஆடிப்பெருக்கு அன்றைக்குத் திறப்பு விழா. சுற்றுலா வருகிறவர்களுக்குப் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லித்தர உள்ளூரில் ஒரு பயிற்சியாளர் வேண்டுமென்று நர்மதாவிடம் கேட்டார்கள். ஆடி இரண்டாவது ஞாயிறு ஒரு தேர்வு, தேறியவருக்கு வேலை. நான் போய் மேனேஜரைப் பார்த்து, இருபத்தாறு வருஷப் பயிற்சியாளர் என்று சொன்னேன். அவர் மிகவும் மரியாதையாக எழுந்து நின்று, "சார் நீங்க சீஃப் கெஸ்ட்டா வந்து ரிப்பன் வெட்டுங்க" என்றார். நர்மதா ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தாள். யார் பெயர் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சின்னக்கண்ணு அன்று மாலை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். "சார், உங்க கிட்ட கேக்காம ஒத்துக்கல. இந்த வேல கெடச்சா ஊருக்கே போயிடலாம் சார். காலைல மொத பஸ்ல எறங்கினா போதும். குஞ்சம்மா இருவது வருசமா கேட்டுக்கினே இருக்குது, எப்ப வூட்டுக்குப் போவோம், எப்ப வூட்டுக்குப் போவோம்னு. அந்த ஒரே ரூம்ல அது ஜன்னல்கூடப் பாக்கல சார். நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான்."

ரொம்ப சந்தோஷம் என்றேன். கண்கலங்கிக் கும்பிட்டான். இருபது வருஷத்தில் அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான் என்பதையும் பதிவு செய்கிறேன். நியாயமாக எழுதவேண்டும் அல்லவா.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. தேர்வு ஏற்பாடுகளில் இருந்ததால் நர்மதா அந்த ஞாயிறுகளில் வரவில்லை. வாரநாட்களில் மாலை நான்கு மணிக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் பயிற்சிக்குப் போவோம். முதல் நாளே சொன்னேன். "சின்னக்கண்ணு, அந்தப் பொண்ணு கடக்கரைல பொறந்தது. அதுக்குக் கடக்காத்துதான் தெரியும். இது உங்க மலைலேர்ந்து எறங்கற காத்து. இதுக்கு உங்க ஊரு வழிதான் சரி. களத்துல எப்டி நிப்பியோ அப்டியே நில்லு."

"அது வேணாம்னுச்சே சார், அந்தப் பொண்ணு."

"தேர்வு வைக்கிறவங்க வெளியூரு ஆளுங்க. எல்லாரும் செய்யறதயே நீயும் செஞ்சா உன்ன எதுக்கு எடுப்பாங்க? உன் வித்தையக் காட்டு."

அவன் பின்னால் போய்ச் சுக்கானைப் பிடித்தான். பிறகு, "நீங்க சொன்னா சரி சார். எனக்கு வண்டி புடிக்கக் கத்துக் குடுத்ததே நீங்கதான்" என்றான்.

ஹெல்மெட்டையும் கழற்றச் சொன்னேன். காதை மூடிக்கொண்டால் காற்று எப்படித் தெரியும், உன் பலமே காதுதானே என்றேன். இது உண்மையும்கூட. நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். சின்னக் காற்றாகப் பார்த்து அவனை முதுகு காட்ட வைப்பேன். அப்போதெல்லாம் பாய் பாய்வதற்கு முன்பே கயிற்றை இழுத்துக்கொள்வேன், கட்டை மெதுவாக வந்து சாந்தமாக அந்தப் பக்கம் போகும். பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்பேன். நான் இழுத்ததால்தான் ஆகவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. என் பக்கத்து பிரேக் அது. கற்றுக்கொடுப்பதைவிடக் கற்றதை மறக்கடிப்பது கடினம், அம்மா. ஒரு மாதப் பாடத்தை நான் பதினான்கு நாளில் அழித்தேன். அதற்கு ஒரு சர்டிபிகேட் இருந்தால் எனக்குத் தந்திருப்பார்கள்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை. சின்னக்கண்ணுவின் மிதவை ஜாக்கெட்டில் ஜிப் பிய்ந்துவிட்டது. அவனுக்கு நீச்சல் தெரியாது. மலையில் யாருக்கு ஆழத் தண்ணீர் இருக்கிறது? புது ஜாக்கெட் இரண்டு திங்கட்கிழமையே வந்து, ஆபீஸில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. "புதுச எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, பூஜை போட்டுவிட்டு எடுத்துக்கொள் என்றேன். சரி என்று பழையதைப் போட்டு, மேலே துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டான். என் சட்டத்தை என்னைவிட மதிப்பவன் அவன்.

அணைக்கு நடுவில் போனபோது மலைப்பக்கம் தண்ணீர் கறுத்துச் சுருங்கி எங்களை நோக்கி வருவதைப் பார்த்தேன். பெருங்காற்று அப்படித்தான் வரும். அவன் அப்போது எனக்கு விடுதியைக் காட்டி, குஞ்சம்மாளுக்கும் அங்கே சமையற்கட்டில் வேலை கேட்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தான். காற்று வருவதை நான் சொல்லவில்லை. காற்று வந்து மோதியது. களத்தில் நிற்கிற மாதிரியே, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அவன் படகின் முதுகைக் காட்டினான். கயிறு என் கையில் இருந்தது. இழுக்கவில்லை. கட்டை முழு வேகத்தில் வந்தது.

இதுவரை எழுதியது உங்கள் அறிக்கையில் இல்லாதது. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் அனுபவமின்மை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவன் உடனே சாகவில்லை. காதுக்கு மேலே பிளந்து, ரத்தம் முகத்தில் வழிய, இருபதடி தள்ளி மிதந்தான். நான் பின்னால் நகர்ந்து சுக்கானைப் பிடித்தேன், மறு கையில் கயிறு. அப்போது அந்தக் குரல் கேட்டது. ஸ்கூலில் இருபது வருஷமாகக் கேட்ட அதே குரல், கொஞ்சம்கூட மாறாமல்.

"சார், பதறாதீங்க. ஒண்ணியும் ஆவாது. மூக்கக் காத்துப் பக்கம் வைங்க. கயித்த மெதுவா வுடுங்க. படகு தானா நிக்கும்."

எனக்கு. பாடம். தண்ணீரில் கிடந்துகொண்டு.

அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன். கயிற்றை விடவில்லை. படகு அவனைத் தாண்டிப் போனது. சுற்றி வந்தேன், மறுபடியும் அவன் பக்கத்தில் போனேன். கை எட்டுகிற தூரம்தான். "கயிறு சார், கயிறு, அத வுட்டுடுங்க" என்றான். விடவில்லை. மூன்றாவது முறையும் போனேன். அப்போது குரல் கம்மியாகிவிட்டது, "உங்களால முடியும் சார்" என்றான். நான்காவது முறை திரும்பியபோது துண்டு அவிழ்ந்து ஜாக்கெட் மட்டும் மிதந்தது. படகு அதன்பிறகு நேராகப் போய்க் கரைக்கல்லில் மோதியது. பரிசல்காரர் கண்ணுசாமி ஓடிவந்து என்னைத் தூக்கினார். கயிற்றை என் கையிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள் என்று உங்களிடம் சாட்சி சொல்லியிருக்கிறாராம். மிகைப்படுத்துகிறார். உள்ளங்கையில் கொஞ்சம் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஊரே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது, பழக்கமாகிவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து குஞ்சம்மாள் மலைக்குக் கிளம்பினாள். ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஸ்கூலுக்கு வந்து, பயிற்சிக் காரின் சாவியை மேஜைமேல் வைத்தாள். என் கட்டுப்போட்ட கையைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்க மனசுல வெச்சிக்காதீங்க சார். நீங்க இன்னா பண்ணுவீங்க, உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியாதே. அவரே சொல்லிக்கினு இருப்பாரு. சாருக்கு பயம் வந்தா கயித்த இறுக்கிக்கறாரு, வுட மாட்டேங்கறாரு, அதுக்காவவே சார் தனியா போவக் கூடாது, நான் வேலைக்குப் போயிட்டாலும் சாயந்தரம் கூடப் போயிட்டுத்தான் மலைக்கு பஸ்ஸு ஏறுவன்னு. உங்கள நெனச்சிதான் சார் அவருக்குக் கவலையே."

என்னை மன்னித்துவிட்டு அவள் போய்விட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்பு என்றால் எதற்காக என்று ஒரு கணக்கு வேண்டாமா? கொன்றதற்காக மன்னித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மறுநாள்தான் உங்கள் அறிக்கை கைக்கு வந்தது. அதிலும் அதே வார்த்தை, அரசாங்க முத்திரையோடு.

ஆகவே, அம்மா, என் சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் எழுதுகிறேன். சின்னக்கண்ணுவை நான் கொன்றேன். அவனுக்குத் தவறான பாடத்தைத் திட்டமிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். ஹெல்மெட்டைக் கழற்ற வைத்தேன். ஜாக்கெட்டைத் தரவில்லை. கயிற்றை இழுக்க வேண்டிய நேரத்தில் இழுக்கவில்லை, விட வேண்டிய நேரத்தில் விடவில்லை. எல்லாம் தெரிந்தே செய்தது. தூக்கோ ஆயுளோ, சட்டப்படி கொடுங்கள். நான்காவது பத்தியில் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

இந்த இடம் வரை படித்துவிட்டு நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். அவற்றையும் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

முதல் கேள்வி: "சாகட்டும்னு வுட்டுட்டுப் போறவர் எதுக்கு சார் மூணு வாட்டி கிட்ட வந்தீங்க?"

அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறேன்.

இரண்டாவது கேள்வி: "படகு கரையிலதான் கெடக்குது. ஜீப்ல போவலாம் வாங்க. நடு அணைல ஒரே ஒரு வாட்டி நிறுத்திக் காட்டுங்க. நான் அந்த வரிய அடிச்சிடறேன்."

தாராளமாகக் காட்டுகிறேன், அம்மா. என்ன பெரிய விஷயம். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்ப வேண்டும், கயிற்றை விட வேண்டும், தானாக நின்றுவிடும். ஆனால் இன்றைக்கு வேண்டாம். இன்றைக்குக் காற்று சரியில்லை.